பொலிட்டிக்கலி இன்கரெக்ட்: சொல் வந்த வழியும் அந்தப் பெயரில் நடந்த நிகழ்ச்சியும்

1993-இல் அமெரிக்க நகைச்சுவையாளர் பில் மாஹர் 'காமெடி சென்ட்ரல்' அலைவரிசையில் ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். அதற்கு 'பொலிட்டிக்கலி இன்கரெக்ட்' என்று பெயர். இதைத் தமிழில் சொல்லச் சொன்னால் 'அரசியல் ரீதியாகத் தவறானது' என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அகராதியைப் பார்த்தால் குற்றம் இல்லை. ஆனால் அதைக் கேட்கும் தமிழர், கூட்டணிக் கணக்கில் சொதப்பிய ஏதோ ஒரு கட்சியைப் பற்றிய விவாதம் என்றுதான் நினைப்பார். அந்தத் தலைப்பில் இருந்த குறும்பு மொத்தமும் போய்விடும்.

முதலில் இன்றைய பொருள். இனம், பால், மதம், உடற்குறை போன்ற காரணங்களால் ஏற்கெனவே இளக்காரமாகப் பார்க்கப்படும் மக்களை மேலும் காயப்படுத்தும் சொற்களையும் பேச்சையும் தவிர்ப்பதற்கு 'பொலிட்டிக்கல் கரெக்ட்னெஸ்' என்று பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நெறியைக் கடைப்பிடிக்கிறவர் அந்தப் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொள்வது அரிது. பெரும்பாலும் எதிராளிதான் அதை அவர்மேல் ஒட்டுகிறார். வசைக்கும் விளக்கத்துக்கும் நடுவில் நிற்கும் சொல் இது.

எங்கிருந்து வந்தது? எழுத்தில் பழைய சான்றாக எல்லாரும் காட்டுவது 1793-ஆம் ஆண்டின் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. 'சிஷோம் எதிர் ஜார்ஜியா' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் வில்சன், விருந்துகளில் 'ஐக்கிய மாநிலங்களுக்கு' என்று கோப்பை உயர்த்துகிறார்களே, 'ஐக்கிய மாநிலங்களின் மக்களுக்கு' என்றல்லவா சொல்ல வேண்டும், முன்னது 'பொலிட்டிக்கலி கரெக்ட்' அல்ல என்று எழுதினார். இறையாண்மை மக்களிடம் இருக்கிறது, மாநிலங்களிடம் அல்ல என்பது அவர் வாதம். அவருக்கு அது நேர்ப்பொருள் கொண்ட சாதாரணச் சொற்றொடர்தான். கிண்டலும் இல்லை, புண்படுத்துவது பற்றிய பேச்சும் இல்லை. ஆகவே அதை இன்றைய சொல்லின் தாய் என்பதைவிட, அதே பெயர் கொண்ட வேறொருவர் என்றே சொல்லலாம்.

இன்றைய பொருளுக்கு உண்மையான உறவு இருபதாம் நூற்றாண்டின் இடதுசாரி வட்டங்களோடுதான். கம்யூனிஸ்ட் கட்சிப் பேச்சில் 'சரியான நிலைப்பாடு' என்பது கனமான தொடர். தலைமை ஒரு நிலைப்பாட்டை அறிவித்தால் அது சரி; நாளை அதை மாற்றினால் மாறியதும் சரி. 1939-இல் சோவியத்தும் ஹிட்லரின் ஜெர்மனியும் ஒப்பந்தம் செய்துகொண்டதும் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சி தன் பாசிச எதிர்ப்புப் பேச்சைச் சுருட்டி வைத்தது நினைவிருக்கலாம். இப்படிக் கட்சி சொன்னதையெல்லாம் தலையாட்டி ஏற்றவர்களைப் பார்த்து மற்ற சோஷலிஸ்டுகள் ஏளனமாகச் சொன்ன சொல் இது. அதாவது 'அரசியல்' என்று இங்கே நிற்பது தேர்தலோ ஆட்சியோ அல்ல, கட்சிக் கோடு.

1970-இல் எழுத்தாளர் டோனி கேட் பம்பாரா, ஒருவர் 'பொலிட்டிக்கலி கரெக்ட்' ஆகவும் ஆணாதிக்கவாதியாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்று எழுதினார். இங்கேதான் கட்சிக் கோடு விலகி, பிற மனிதரை நடத்தும் முறை என்ற பொருள் உள்ளே வருகிறது. அதன்பின் இடதுசாரிகளும் பெண்ணியர்களும் தங்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் சீண்ட இதைப் பயன்படுத்தினார்கள். கொள்கைப் பிடிப்பு கொஞ்சம் மிஞ்சிப்போன தோழரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்லும் வார்த்தை. வீட்டுக்குள் இருந்த கேலிச்சொல்.

அது தெருவுக்கு வந்தது 1990-ஐ ஒட்டி. அந்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் பல்கலைக்கழகங்களில் இந்தப் போக்கு தலைதூக்குவதைப் பற்றி எழுதினார். 1991-இல் வலதுசாரி எழுத்தாளர் தினேஷ் டிசூசா இதே பொருளில் ஒரு புத்தகம் போட்டுப் புகழ் பெற்றார். அதே ஆண்டு மே மாதம் மிச்சிகன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், அதாவது மூத்தவர், இந்தச் சொல்லை எடுத்துக் கண்டித்துப் பேசினார். இடதுசாரிகள் தங்களைத் தாங்களே கிண்டல் செய்ய வைத்திருந்த சொல்லை வலதுசாரிகள் எடுத்து அவர்கள்மீதே திருப்பிவிட்டார்கள். மாஹர் தன் நிகழ்ச்சிக்குப் பெயர் தேடியது இந்தச் சூட்டில். டிசூசாவின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

இப்போது மாஹர். 1956-இல் நியூயார்க்கில் பிறந்தார், நியூஜெர்சியில் வளர்ந்தார். அப்பா கத்தோலிக்கர், வானொலி, தொலைக்காட்சிச் செய்தித் துறையில் வேலை. அம்மா செவிலியர், யூதர். பிள்ளையைக் கத்தோலிக்கனாகவே வளர்த்தார்கள்; அம்மா யூதர் என்பதே பதின்வயதில்தான் அவருக்குத் தெரிய வந்தது. கருத்தடை பற்றிய திருச்சபையின் நிலைப்பாடு பிடிக்காமல் அப்பா குடும்பத்தைத் தேவாலயத்துக்கு அழைத்துப்போவதை நிறுத்தினார். பிற்காலத்தில் மாஹர் மதங்களைக் கேலி செய்வதையே பாதி வாழ்க்கையாக வைத்துக்கொண்டதற்கு வித்து இங்கே கிடக்கிறது என்று எனக்குத் தோன்றும். 2008-இல் அவர் நடித்து வெளிவந்த ஆவணப்படத்தின் தலைப்பு 'ரிலிஜுலஸ்'. 'மதம்', 'நகைப்புக்கிடமானது' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டுப்போட்டுச் செய்த வார்த்தை அது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்து 1978-இல் பட்டம். அடுத்து நியூயார்க்கில் 'கேட்ச் எ ரைசிங் ஸ்டார்' என்ற நகைச்சுவை மன்றத்தில் தொகுப்பாளர். 1982-இல் ஜானி கார்சனின் புகழ்பெற்ற இரவுநேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி 'டுநைட் ஷோ'வில் வாய்ப்பு. நடுவில் சில சில்லறைப் படங்கள். ஒன்றில் அவகாடோக் காட்டில் நரமாமிசம் தின்னும் பெண்களைத் தேடிப் போகிறார், அதைப் பற்றி இதற்குமேல் வேண்டாம். திருமணம் செய்துகொள்ளவில்லை. மேடையில் அதை ஒரு கொள்கையாகவே எடுத்து வைப்பார். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்று பேசுவார், விலங்குரிமைக்காக வாதாடுவார். இதையெல்லாம் ஒரே கட்சிக் கோட்டுக்குள் அடைக்க முடியாது என்பதுதான் அவருடைய சரக்கு.

நிகழ்ச்சியின் அமைப்பு எளிது. முதலில் மாஹர் தனியே நின்று அன்றைய செய்தியைக் கலாய்ப்பார். பிறகு ஒருவருக்கொருவர் ஒத்தே போகாத 4 விருந்தினர்களை உட்காரவைத்து வாய்ச்சண்டை. நடிகை பக்கத்தில் செனட்டர், பாதிரியார் பக்கத்தில் ராப் பாடகர். 1997-இல் நிகழ்ச்சி ஏபிசி-க்குப் போனது. கேபிளிலிருந்து நாடு முழுக்கத் தெரியும் பெரிய அலைவரிசைக்கு. விளம்பரப் பணத்தில் ஓடும் அலைவரிசை அது, டிஸ்னிக்குச் சொந்தம்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் பென்டகன்மீது மோதிய விமானத்தில் வலதுசாரி அரசியல் விமர்சகர் பார்பரா ஓல்சன் இருந்தார். இந்த நிகழ்ச்சிக்கு அடிக்கடி வந்தவர், அன்றும் இதில் கலந்துகொள்ளத்தான் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பியிருந்தார். 17-ஆம் தேதி நிகழ்ச்சி மீண்டும் தொடங்கியபோது அவருக்காக ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள். விருந்தினர்களில் ஒருவர் தினேஷ் டிசூசா. தாக்கியவர்களைக் கோழைகள் என்று குடியரசுத் தலைவர் சொல்வது பொருந்தாது, உயிரையே கொடுத்தவர்கள் கோழைகள் அல்லர் என்றார் அவர். மாஹர் ஒத்துக்கொண்டதோடு ஒரு படி மேலே போனார்: இரண்டாயிரம் மைல் தள்ளி நின்று ஏவுகணை வீசும் நாம்தான் கோழைகள், கட்டடத்தில் மோதும் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கோழைத்தனம் என்று சொல்ல முடியாது.

ஃபெட்எக்ஸும் சியர்ஸும் விளம்பரத்தை நிறுத்தின. பல உள்ளூர் நிலையங்கள் ஒளிபரப்பவில்லை. வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் ஆரி ஃபிளைஷர், அமெரிக்கர் எல்லாரும் பேசுவதையும் செய்வதையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மாஹர் மன்னிப்புக் கேட்டார், தான் குறைசொன்னது படைவீரர்களை அல்ல, அரசியல்வாதிகளை என்று விளக்கினார். பயனில்லை. 2002-இல் ஏபிசி நிகழ்ச்சியை முடித்துவிட்டது.

சொல் ஆராய்ச்சிக்கு இந்த இடம் ரொம்ப முக்கியம். அவர் புண்படுத்தியது எந்தச் சிறுபான்மையையும் அல்ல. 'பொலிட்டிக்கல் கரெக்ட்னெஸ்' பேசும் பல்கலைக்கழகக்காரர்கள் யாரும் அவரை வெளியேற்றவில்லை. நாட்டுப்பற்று, துக்கம், விளம்பரதாரரின் அச்சம் மூன்றும் சேர்ந்து வெளியேற்றின. ஆக, தலைப்பு ஒரு வேலியை மீறப்போவதாக மார்தட்டியது. நிகழ்ச்சி விழுந்தது இன்னொரு வேலியில் தட்டி. இரண்டாவது வேலிக்கு ஆங்கிலத்தில் அந்த அளவுக்குப் பரவிய கேலிப்பெயர் இல்லை. அதிகாரமும் பெரும்பான்மையும் போடும் வேலிக்குப் பட்டப்பெயர் அவ்வளவு எளிதில் ஒட்டுவதில்லை போலும்.

இந்த வேறுபாட்டை நம் இலக்கணம் அழகாகப் பிடித்து வைத்திருக்கிறது. தொல்காப்பியம் 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' என்கிறது. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது. நன்னூல் இதையே இடக்கரடக்கல் என்று தகுதி வழக்கில் வைக்கிறது. 'கால் கழுவி வந்தேன்' பள்ளியில் படித்த உதாரணம். பக்கத்திலேயே மங்கலம்: 'செத்தார்' என்னாமல் 'துஞ்சினார்' என்பது. இவை யாரைக் காப்பாற்றுகின்றன? கேட்கும் அவையை. அவையின் முகம் சுளிக்கக் கூடாது, அவ்வளவுதான். 'பொலிட்டிக்கல் கரெக்ட்னெஸ்' காப்பாற்ற நினைப்பது பேசப்படுகிறவரை. அவர் அந்த அவையில் இல்லாமலேகூட இருக்கலாம். 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்ததும், பழைய வசைச்சொற்கள் போய்த் 'திருநங்கை' வந்ததும் இந்த இரண்டாவது வகை. ஆகவே இதற்கு இடக்கரடக்கல் என்று மொழிபெயர்ப்பவர்கள் பாதி வழிதான் வருகிறார்கள். 2001-இல் மாஹர் சொன்னது என்னவோ அசல் அவையல் கிளவி.

இருவேறு வேலி என்பதற்கு 2017 நல்ல சான்று. 2003 முதல் அவர் எச்பிஓ-வில் 'ரியல் டைம்' நடத்திவருகிறார். சந்தாப் பணத்தில் ஓடும் அலைவரிசை, விளம்பரதாரர் ஓடிவிடுவார் என்ற பயம் இல்லை. அங்கே ஒரு செனட்டருடன் பேசும்போது, கறுப்பின மக்களை அடிமைக்காலத்திலிருந்து இழிவுபடுத்திவந்த வசைச்சொல்லைத் தன்னைக் குறித்தே ஜோக்காகச் சொன்னார். எச்பிஓ கண்டித்தது. மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரம் ராப் பாடகர் ஐஸ் க்யூப் அதே மேடைக்கு வந்து நேருக்கு நேர் தட்டிக்கேட்டார். இது முதல் வேலி, அதுவும் நியாயமான வேலி. 'எல்லாம் ஜோக்தானே' என்ற பதில் அங்கே செல்லவில்லை.

சரி, தமிழ்ச்சொல்? 'அரசியல் நேர்மை' என்று சிலர் எழுதுகிறார்கள். கூடாது, அது ஊழல் செய்யாதவரைக் குறிக்கும். 'அரசியல் சரிநிலை' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரிநிகர், சமநிலை என்று காது இழுத்துக்கொண்டு போகிறது. 'அரசியல் சரித்தன்மை' இன்று இணையத்திலும் சிற்றிதழ்களிலும் ஓரளவு நிலைத்துவிட்டது. கரடுமுரடான சொல், வாயில் உருளாது. ஆனால் கிண்டலாகச் சொல்லும் இடத்தில் அந்தக் கரடுமுரடே உதவுகிறது என்பேன். மூலச்சொல்லும் கட்சிப் பிரசுர வாடை அடித்த சொல்தானே. மதிப்போடு, உண்மையான பொருளில் சொல்லும் இடத்துக்கு மட்டும் 'சொற்கண்ணியம்' வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. அதில் 'அரசியல்' இல்லை. அந்தப் பொருளுக்கு அது தேவையும் இல்லை.

'இன்கரெக்ட்' என்ற பாதிக்கு 'தவறு', 'பிழை' இரண்டுமே சப்பை. வேண்டுமென்றே செய்யும் தவறு அல்லவா அது. இலக்கணத்தில் 'வழு' இருக்கிறது, அதற்கு மேலாக 'வழுவமைதி'யும் இருக்கிறது: தவறுதான், காரணம் இருப்பதால் ஏற்கிறோம் என்பது. ஒருவர் தன் பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் திணை வழுதான், ஆனால் உவப்பினால் சொன்னதால் அமைதி. நன்னூல் அதற்குச் சொல்லும் காரணங்கள் உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு. நகை அந்தப் பட்டியலில் இல்லை. மாஹர் போன்றவர்கள் தங்களுக்காகக் கேட்பது அந்த ஆறாவது இடத்தைத்தான்.

நிகழ்ச்சியின் தலைப்பை மட்டும் தமிழாக்க வேண்டியிருந்தால் 'அவைக்கு ஆகாதது' என்று போடுவேன். கட்டுரையில் எழுதும்போது பெயரை அப்படியே 'பொலிட்டிக்கலி இன்கரெக்ட்' என்று எழுதிவிட்டு, முதல்முறை மட்டும் பக்கத்தில் இதைத் தந்தால் போதும். 'ஓவர் பொலிட்டிக்கலி கரெக்டா பேசாதே' என்று பேச்சில் வருவதற்கு 'ரொம்பப் பூசி மெழுகாதே' என்பதைத் தவிர்த்துவிடுங்கள். அது உண்மையை மறைக்கும் ஆளுக்குச் சொல்வது. 'சொல்லுக்குச் சொல் நிறுத்துப் பார்க்காதே' என்றால் கிட்டத்தட்ட வந்துவிடும்.