விரிசலை விட்டுவிட்டு சீலர் அடிக்காதீர்கள்

தார் டிரைவ்வே (தெருவிலிருந்து வீடுவரை வண்டி போகும் தளம்) வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "வெளுத்துப் போச்சு, சீலர் அடிச்சுக் கறுப்பாக்கிக் கொடுங்க." நேரில் போய்ப் பார்த்தால் வெளுப்பு ஒரு பொருட்டே இல்லை. குறுக்கும் நெடுக்கும் விரிசல் ஓடி, அதில் புல் முளைத்திருக்கும். சீலர் மெல்லிய மேற்பூச்சு மட்டுமே. வெயிலையும் மேலே தேங்கும் நீரையும் கொஞ்சம் தடுக்கும். மேலாக அடித்துவிட்டால் விரல் நகம் நுழையும் விரிசலைக்கூட அது மூடி நிற்காது, சில வாரங்களில் அதே கோடு திரும்பத் தெரியும்.

ஜல்லியைப் பிடித்து வைத்திருக்கும் பிட்டுமன், அதாவது நாம் தார் என்கிற கறுப்புப் பசை, வெயிலும் காற்றும் பட்டு வருடா வருடம் இறுகுகிறது. இளக்கம் போனபின் குளிரில் சுருங்கும்போது பிளந்துவிடுகிறது. அதன் பிறகு கெடுப்பதெல்லாம் தண்ணீர்தான். விரிசல் வழியே இறங்கி அடித்தளத்தை ஊறவைக்கிறது, மேலே வண்டி ஏறும்போது மண் நெகிழ்கிறது. உறைபனி விழும் இடமானால் இன்னும் மோசம். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருத்து விரிசலை அகட்டிவிடும்.

ஆகவே, முதலில் அகலத்தைப் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்குக் குறைவான மயிரிழை விரிசலைக் கெட்டியான சீலரை உள்ளே இறங்கும்படி தேய்த்தே நிரப்பிவிடலாம். அதிலிருந்து 12 மில்லிமீட்டர் வரை ஊற்றும் வகை ஃபில்லர் (விரிசலை நிரப்பும் கலவை) போதும். அதற்கும் மேல் என்றால் கரண்டியால் அடைக்கும் கெட்டிக் கலவை வேண்டும். ஆனால் ஓரிடத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பின்னிப் பிளந்து, முதலைத் தோல் மாதிரி இருந்தால் கையை வைக்காதீர்கள். அங்கே அடித்தளமே போய்விட்டது. வெட்டி எடுத்து, ஜல்லி இட்டு இறுக்கி, புதிதாகப் போட வேண்டும். கூரைத் தண்ணீர் அந்த இடத்தில் விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் குழாயை முதலில் திருப்புங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

சொந்தமாகச் செய்கிறவர்கள் அதிகம் கோட்டைவிடுவது சுத்தம் செய்வதில். புல்லை வேரோடு பிடுங்க வேண்டும், மேலாகக் கிள்ளினால் ஃபில்லரைத் துளைத்துக்கொண்டு வரும். கம்பி பிரஷ்ஷால் விரிசலின் இரண்டு சுவரையும் தேய்த்து, உதிர்கிற துண்டுகளைத் தட்டி எடுத்து, ப்ளோவரால் ஊதுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் முழுதாகக் காயும்வரை பொறுங்கள். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், ஈரத்திலும் தூசியிலும் எதுவும் ஒட்டாது. எண்ணெய்க் கறையைப் பெட்ரோல் ஊற்றித் துடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தீ ஆபத்து ஒருபுறம், அது தாரையே கரைத்துவிடும். எண்ணெய் நீக்கும் திரவத்தால் தேய்த்துக் கழுவி, அந்த இடத்துக்கு மட்டும் பிரைமர் என்கிற அடிப்பூச்சைப் பூசினால் சரி.

ஆழமான விரிசலில் ஃபில்லரை அப்படியே கொட்டினால் அது கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மேலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு உலர்ந்த மணலை நிரப்பி, அதன்மேல் ஊற்றுங்கள். காயும்போது சுருங்கிக் குழியும், மறுநாள் இன்னொரு தடவை ஊற்ற வேண்டியிருக்கும். சூடாக்கி ஊற்றும் ரப்பர் கலந்த வகை நீடித்து உழைக்கும்தான், ஆனால் 190 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிய சரக்கு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு வேகும். பழக்கமில்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம் என்பேன்.

சீலர் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். நிலக்கரித் தார் கலந்ததில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பாலிசைக்ளிக் அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற வேதிப்பொருள்கள் மிக அதிகம்; தூசியாகி வீட்டுக்குள்ளும், மழைநீரோடு ஓடைக்கும் போகும். அமெரிக்காவில் ஆஸ்டின் நகரம் 2006 முதல் அதைத் தடை செய்திருக்கிறது, வாஷிங்டன் மாநிலம் 2011-இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பிட்டுமனைத் தண்ணீரில் கலந்த எமல்ஷன் வகையே போதும். புதிதாகப் போட்ட தளமானால் ஆறு மாதமாவது பொறுங்கள். இரவிலும் 10 டிகிரிக்குக் கீழே இறங்காத, மழை வராத இரண்டு நாளாகப் பார்த்து, வாளியை அடிவரை கலக்கி, ஸ்குவீஜியால் (ரப்பர் விளிம்பு வைத்த தள்ளுகட்டை) மெல்லிசாக இரண்டு தடவை இழுங்கள். ஒரே தடவையில் தடியாக ஊற்றினால் உரியும். வருடாவருடம் அடிப்பதும் அதே கதைதான். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை போதும்.

"பக்கத்து வேலையில் சரக்கு மிஞ்சிவிட்டது, பாதி விலைக்கு அடித்துத் தருகிறேன்" என்று கதவைத் தட்டுகிறவரிடம் விரிசலை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அதன் மேலேயே அடிப்பேன் என்றால் அனுப்பிவிடுங்கள்.

பூசிய பிறகு ஒருநாள், குளிரான நாட்களில் இரண்டு நாள், வண்டி ஏறக் கூடாது. கயிறு கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கூரியர்க்காரர் ஏறிவிடுவார். முதல் சில வாரங்கள், நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பாமல் வண்டி நகரும்போது திருப்புங்கள். டயர் தடம் விழாது.