தடைக்கால நிவாரணம் சிலருக்கு மட்டும் ஏன் வந்து சேர்வதில்லை?

நார்வே, கனடா போன்ற நாடுகளில் இந்த மீனை இத்தனை டன்தான் பிடிக்கலாம் என்று அரசு வரம்பு வைக்கிறது. நம் கடலில் எடைக்கணக்குக்குப் பதில் நாள்கணக்கு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் தொழிலுக்குப் போக முடியாது. 45 நாளாக இருந்த கிழக்குக் கரைத் தடை 2017இல் 61 நாளானது. மீன் சினைபிடித்துப் பெருகத் தடை தேவைதான். ஆனால் அதன் சுமை பங்குக்கு, அதாவது பிடித்த மீனில் பங்கைக் கூலியாக வாங்கிக் கடலுக்குப் போகிறவர் வீட்டில் மட்டும் இறங்கக் கூடாது.

தமிழ்நாடு அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகியிருக்கிறது. 61 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 131 ரூபாய்தான். அந்தத் தொகையும் சில வீடுகளுக்கு வராமல் போவது பெரும்பாலும் ஆவணச் சிக்கலால்தான்.

முதல் சிக்கல் குடும்ப அட்டை. நிவாரணம் ஆளுக்கு அல்ல, அட்டைக்கு. கல்யாணமான அண்ணனும் தம்பியும் ஒரே அட்டையில் இருந்தால், இருவரும் கடலுக்குப் போனாலும் ஒரு தொகைதான் வரும். தனிச் சமையல் நடத்துகிறவர்கள் பழைய அட்டையில் பெயரை நீக்கிவிட்டு, இ-சேவை மையத்தில் புது அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரிகள் வீட்டுக்கு வந்து விசாரித்து அட்டை கைக்கு வர மாதங்கள் ஆகலாம். மார்ச்சில் ஓடினால் அந்த ஆண்டுக்குக் கிடைக்காது.

இரண்டாவது வங்கிக் கணக்கு. இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் யூனியன் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் இணைந்தன. மீனவர் கூட்டுறவுச் சங்கப் பட்டியலில், வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி எண் பழையதாகவே கிடந்தால் பணம் திரும்பிவிடும். புது பாஸ்புக்கின் முதல் பக்க நகலைச் சங்கத்திலும் மீன்வள ஆய்வாளர் அலுவலகத்திலும் கொடுங்கள். ஆதார் வழியாக அனுப்பும் பணமோ, நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகாது. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கே போகும். வேறொரு வேலைக்காகத் தபால் நிலையத்தில் கணக்குத் தொடங்கிவிட்டு மறந்துபோனவர்களின் பணம் அங்கேயே கிடக்கிறது. எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில், கைபேசிக்கு வரும் ஓடிபி போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஆண்டுக்கு மேல் வரவு செலவே இல்லாத கணக்கு முடங்கிவிடும். கேஒய்சி எனப்படும் அடையாள, முகவரிச் சான்றுகளைக் கொடுத்து அதை உயிர்ப்பியுங்கள்.

பெயரும் கவனம். ஆதாரில் ஒரு விதமாகவும் அட்டையில் வேறு விதமாகவும் இருந்தால் சரிபார்ப்பில் நிற்கும். அப்பா இறந்த பிறகும் சங்க உறுப்பினர் எண் அவர் பெயரிலேயே இருப்பது கடற்கரை ஊர்களில் சகஜம். மகன் தனியே உறுப்பினராக வேண்டும்.

சேமிப்புடன் கூடிய நிவாரணத் திட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது. மீனவர் ஆண்டுக்கு 1,500 ரூபாய் தவணையாகக் கட்டினால் மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்த்து 4,500 ஆகத் திரும்பும். மீனவப் பெண்களுக்கும் இதே தொகை. அவர்கள் கட்டும் 1,500க்கு மாநில அரசே 3,000 தருகிறது. இவற்றோடு தடைக்கால நிவாரணம் 8,000, மீன் குறைவாகக் கிடைக்கும் மாதங்களுக்கான மீன்பிடி குறைவுகால உதவி 6,000 சேர்த்தால் ஒரு வீட்டுக்கு ஆண்டில் 23,000 வர வாய்ப்புண்டு, அதில் 3,000 சொந்தச் சேமிப்பு. கையில் பாடு, அதாவது மீன்வரவு இருக்கும் மாதங்களிலேயே தவணையைக் கட்டி ரசீதை வாங்கி வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பணம் வரவில்லையென்றால் வாய்மொழியாகக் கேட்டுத் திரும்ப வேண்டாம். அட்டை, ஆதார், பாஸ்புக் நகல்களோடு மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பணம் அனுப்பித் திரும்பியதா, பட்டியலிலேயே பெயர் இல்லையா என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திரும்பியதென்றால் கணக்கைத் திருத்தினால் போதும். பெயரே இல்லையென்றால் ஒப்புகையோடு மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள்.