எம்பதி: ‘ஐயோ பாவ’மா, வேறொன்றா?

வாசிப்பு வட்டம் ஒன்றில் ஜெர்மன் எழுத்தாளர் பெர்ன்ஹார்ட் ஷ்லிங்கின் 1995ஆம் ஆண்டு நாவலைப் பேசிக்கொண்டிருந்தோம். ஆங்கிலத்தில் ‘தி ரீடர்’ என்று வந்ததே, அதுதான். கதையில் ஹன்னா ஷ்மிட்ஸ் என்று ஒருத்தி வருவாள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாஜி வதைமுகாமான ஆஷ்விட்ஸிலும், பிறகு வேறொரு சிறு முகாமிலும் காவலாளியாக இருந்தவள். கைதிப் பெண்களை நடத்திக் கூட்டிப்போகும் வழியில் ஓர் இரவு அவர்களைத் தேவாலயத்தில் அடைத்துப் பூட்டுகிறார்கள். குண்டு விழுந்து தேவாலயம் பற்றிக்கொள்கிறது. காவலாளிகள் யாரும் கதவைத் திறக்கவில்லை.

“எனக்கு அவளப் பாத்தாப் பாவமா இருந்துச்சு” என்றார் வட்டத்தில் இருந்த ஓர் ஆசிரியை.

எதிரே இருந்த பெரியவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “எரியிற கோயிலுக்குள்ள பொம்பளைங்களப் பூட்டி வச்சவ மேல அனுதாபமா, டீச்சர்?”

ஆசிரியை கொஞ்சம் யோசித்தார். “அனுதாபம்னு சொல்லல சார். எம்பதி.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? தமிழ்ல சொல்லுங்க.”

அவரால் சொல்ல முடியவில்லை. சொல்லாராய்ச்சி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரியும் எனக்கும் அந்த நேரத்தில் வாய் எழவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கடனுக்காக.

பார்ப்பதற்குப் பழங்காலச் சொல் போலிருந்தாலும், ஆங்கிலத்தில் ‘எம்பதி’ இந்தப் பொருளில் பிறந்தது 1909இல். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் எட்வர்ட் டிட்ச்னர், ‘ஐன்ஃபூலுங்’ என்ற ஜெர்மன் சொல்லுக்கு ஈடு தேடி, கிரேக்க வேரிலிருந்து இதை உருவாக்கினார். ‘எம்’ என்றால் உள்ளே. ‘பாதோஸ்’ என்றால் ஒருவர் படுவது. நாம் ‘படாத பாடு’ என்கிறோமே, அந்தப் பாடு. (ஒலியும் பொருளும் ஒத்துவருகிறதே என்று, தமிழிலிருந்துதான் கிரேக்கத்துக்குப் போனது எனக் கொடி பிடித்துக் கிளம்பிவிடாதீர்கள். தற்செயல்.) இதில் வேடிக்கை, இன்றைய கிரேக்க மொழியில் ‘எம்பாத்தியா’ என்றால் வன்மம், காழ்ப்பு. ஏதென்ஸ்காரர் ஒருவரிடம் போய் ‘உங்கள்மேல் எனக்கு எம்பாத்தியா’ என்றால் முகம் சுளிப்பார். அவர்கள் இந்த உணர்வுக்கு வேறொரு சொல் வைத்துக்கொண்டார்கள்.

மூலச்சொல்லான ‘ஐன்ஃபூலுங்’கைத்தான் கவனிக்க வேண்டும். நேர்ப்பொருள், உள்ளே புகுந்து உணர்தல். 1873இல் ராபர்ட் ஃபிஷர் என்பவர் இதை மனிதர்களைப் பற்றிப் பேசவே எடுக்கவில்லை. தூண், வளைவு, மலை முகடு போன்ற உருவங்களைப் பார்க்கும்போது நம் உடல் எப்படி அவற்றுக்குள் போய்வருகிறது என்பதற்காக எடுத்தார். பிறகு ஜெர்மன் தத்துவவாதி தியோடர் லிப்ஸ் அதை மனிதர்களிடம் கொண்டுவந்தார். அவர் காட்டும் உதாரணம் கழைக்கூத்தாடி. கயிற்றின் மேல் அவன் சாயும்போது கீழே நிற்கும் நமக்கும் உடம்பு சாய்கிறது; அந்த நொடி நாம் அவனுக்குள் இருக்கிறோம். டிட்ச்னரும் அப்படியே: கம்பீரம், அடக்கம், செருக்கு இவற்றை மனத்தால் காண்பதோடு நில்லாமல் மனத்தின் தசைகளால் நடித்தும் பார்க்கிறேன் என்கிறார்.

கூத்தாடி நல்லவனா கெட்டவனா என்று லிப்ஸ் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடமும் அதுவல்ல. உடம்பு சாய்வதற்கு முன் அவனுடைய நன்னடத்தைச் சான்றிதழை யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. எம்பதி பிறந்தபோது அதில் இரக்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அது அறிவதற்கான ஒரு வழியாகத்தான் இருந்தது.

இந்த ஜெர்மன் சொல்லோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்றவர் ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட். பார்வையாளன் பாத்திரத்துக்குள் புகுந்துவிட்டால் யோசிப்பதை நிறுத்திவிடுவான் என்பது அவர் கட்சி. அவருடைய ‘அன்னை கரேஜ்’ நாடகம் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் நடக்கிறது. நாயகி படைகளின் பின்னாலேயே வண்டி இழுத்துச் சென்று சரக்கு விற்பவள். போர் நின்றால் அவளுக்குப் பிழைப்பில்லை. போர் நடந்தால் பிள்ளைகள் இல்லை.

மூன்றாம் காட்சியில் அவளுடைய இளைய மகன் பிடிபடுகிறான். இருநூறு கில்டர் லஞ்சம் கொடுத்தால் உயிரோடு விட்டுவிடுவார்கள். வண்டியை அடகு வைத்தால் பணம் கிடைக்கும். ஆனால் முழுவதையும் கொடுத்துவிட்டால் நாளைக்கு எதை வைத்து வியாபாரம் செய்வது? நூற்றிருபது என்கிறாள். ஆள் போகிறது, வருகிறது. கடைசியில் இருநூறுக்கும் சம்மதிக்கிறாள். ‘ரொம்ப நேரம் பேரம் பேசிவிட்டேன் போலிருக்கிறது’ என்று அவள் சொல்லும்போது தூரத்தில் முரசு ஒலிக்கிறது. மகன் உடலைக் கொண்டுவந்து ‘இவனைத் தெரியுமா’ என்று கேட்கிறார்கள். தெரியும் என்றால் அவள் தலையும் போகும். இல்லை என்று தலையசைக்கிறாள்.

1941 ஏப்ரலில் ஜூரிக்கில் முதல் அரங்கேற்றம். பிரெக்ட் அப்போது பின்லாந்தில் தஞ்சமிருந்தார். வந்த விமர்சனங்களைப் பார்த்து மனிதர் நொந்துபோனார். பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த கிரேக்கத் தாய் நயோபியோடு கரேஜை ஒப்பிட்டு உருகியிருந்தார்கள். போரில் லாபம் பார்ப்பவளைக் காட்டினால், அழுகிற அம்மாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்! 1949 பெர்லின் அரங்கேற்றத்துக்காகச் சில இடங்களைத் திருத்தினார். காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடச் சட்டைகளைத் தானே கொடுத்த கரேஜ், புதிய வடிவத்தில் தர மறுக்கிறாள். அவளிடமிருந்து பிடுங்க வேண்டியிருக்கிறது. மனைவி ஹெலனெ வைகல் நடித்தார். மகனைக் கொன்ற வேட்டுச் சத்தம் கேட்டதும் வாயை அகலத் திறந்து, ஒலியே இல்லாமல் ஓர் அலறல். அரங்கில் அழுகை நிற்கவில்லை. சட்டை பிடுங்கிய திருத்தமெல்லாம் அந்த வாயின் முன் எடுபடுமா?

என் கணக்கில் பிரெக்ட் இரண்டு பொருட்களை ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிட்டார். ஜூரிக்கில் மக்கள் கரேஜுக்குள் புகுந்திருந்தால், மகனின் உயிருக்கு எண்பது கில்டர் குறைத்துக் கேட்கும் அந்தக் கணக்கும் அவர்களுக்குள் ஓடியிருக்கும். வெளியே வந்து தங்கள் கைகளையே பார்த்திருப்பார்கள். அவர்கள் புகவில்லை, வெளியே நின்று ‘ஐயோ பாவம்’ என்றார்கள்.

இனி தமிழுக்கு வருவோம். நம்மிடம் இருக்கும் முதல் மூன்று சொற்கள் அனுதாபம், பச்சாதாபம், பரிதாபம். மூன்றும் வடமொழி, மூன்றிலும் ‘தாபம்’, அதாவது சூடு. பச்சாதாபம் வடமொழியில் ‘பின்னால் வரும் சூடு’. செய்ததை நினைத்து வெந்துபோவது. அனுதாபத்துக்கும் அங்கே கழிவிரக்கம் என்றுதான் பொருள். குற்றம் செய்தவனின் நெஞ்சில் இருக்க வேண்டிய சூடு, தமிழுக்கு வரும் வழியில் இடம் மாறிப் பார்ப்பவனின் நெஞ்சில் ஏறிக்கொண்டது. இன்று அனுதாபம் என்றால் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, தேர்தலில் அனுதாப அலை. ஹன்னாவுக்கு இதைப் போட்டால் அவள் பக்கம் ஓட்டுப் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. பெரியவர் கொதித்தது இந்தச் சொல்லைக் கேட்டுத்தான்.

ஆசிரியை முதலில் சொன்ன ‘பாவம்’ இன்னும் விசித்திரம். அவள் செய்தது பாவம், அவள் பாவம். குற்றத்துக்கும் பரிதாபத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். ஹன்னாவைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் கலைச்சொல்லாக ஆகாது. எந்தப் பாவம் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிவரும்.

இரக்கம், பரிவு இரண்டும் அன்பின் பக்கம் சாய்பவை. உளவியல் நூல்களில் ‘ஒத்துணர்வு’ என்று போடுகிறார்கள். செவிலியர் பயிற்சிக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் அது போதும். நாவலுக்கு வரும்போது அந்த ‘ஒத்து’ இடறுகிறது: ஒத்துக்கொள், ஒத்துப்போ, ஒத்து ஊது. முகாம் காவலாளியோடு யார் ஒத்துப்போவது?

எனக்குப் பிடித்த சொல் கண்ணோட்டம். குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. ‘கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்திவ் வுலகு’ என்பது 578ஆம் குறள். கருமம் என்பதற்கு முறைசெய்தல், அதாவது நீதி வழங்குதல் என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. தீர்ப்பும் கெடக்கூடாது, கண்ணும் ஓட வேண்டும். ஷ்லிங்கின் நாவலில் கதை சொல்லும் மிஹாயேல், சட்ட மாணவனாக ஹன்னாவின் வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் உட்கார்ந்து தவிப்பதும் இதற்குத்தான். ஹன்னா நீதிபதியைப் பார்த்து ‘நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்’ என்று கேட்கிறாள். நீதிபதியிடம் உருப்படியான பதில் இல்லை. அவளைப் புரிந்துகொண்டால் கண்டிக்க முடியவில்லை, கண்டித்தால் புரிந்துகொள்ள இடமில்லை என்று மிஹாயேல் திண்டாடுகிறான். கருமம் சிதையாமல் கண்ணோட அவனுக்கு வாய்க்கவில்லை.

ஆனால் இன்றைக்குக் கண்ணோட்டம் என்றால் பார்வைக் கோணம். ‘அவர் கண்ணோட்டத்தில்’ என்று பத்திரிகைகள் எழுதி எழுதி அதைத் தேய்த்துவிட்டன. திரும்ப இழுத்து வர முடியாது.

ஆகவே என் பரிந்துரை, ஜெர்மன் சொல்லின் நேர்ப்பொருளுக்கே போய், ‘புகுந்துணர்தல்’. கூடுவிட்டுக் கூடு பாய்வதைக் கதை கதையாகக் கேட்ட காதுக்கு இது அந்நியமில்லை. பாய்ந்தவர் தன் கூட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதும் அந்தக் கதைகளிலேயே இருக்கிறது. நம் பெரியவரும் கம்பனில் கும்பகருணன் வதைப் படலம் வந்தால் கண்கலங்குபவர்தான். அண்ணன் செய்தது தப்பு என்று தெரிந்தும், நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் போகமாட்டேன் என்கிறானே, அந்த இடத்தில். அதற்காக அவர் இராவணன் கட்சிக்குப் போய்விட்டார் என்று யாரும் சொன்னதில்லை.

எழுதும்போது ஒரு சோதனை: இரக்கம், அனுதாபம் எல்லாம் ஒருவர்‘மேல்’ வரும். புகுந்துணர்தல் ஒருவருக்‘குள்’தான் நடக்கும். ‘ஹன்னா மேல் எம்பதி’ என்று எழுதத் தோன்றினால் நீங்கள் சொல்லவந்தது வேறு ஏதோ தாபம்.

ஆசிரியையிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “சொல்லு கொஞ்சம் நீளமா இருக்கே சார்” என்றார்.