ப்ராக்ரஸ் பாரை டைமரில் ஓட்டாதீர்கள்

ஆண்டுக் கணக்கை முடித்து அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் வேலை பாதியில் அறுந்து, டேட்டாபேஸ் கெட்டுப்போய், பேக்கப்பும் பழையதாகக் கிடக்கும் கேஸ் இந்த மாதமும் ஒன்று வந்தது. ஒரு மொத்த வியாபாரக் கடை. கணக்கு எழுதும் பெண் சொன்னார்: "99-லயே நின்னுடுச்சு சார். அரை மணி நேரம் பார்த்தேன். ஹேங் ஆயிடுச்சுன்னுதான் ஆஃப் பண்ணேன்."

அவர் மேல் தப்பே இல்லை. புரோகிராமைத் திறந்தால் ஃபார்மில் (திரையில் வரும் சாளரத்தில்) ஒரு டைமர். அரை நொடிக்கு ஒருமுறை ப்ராக்ரஸ் பாரின் (வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டையின்) மதிப்பில் ஒன்றைக் கூட்டுகிறது, 99 வந்ததும் நின்றுகொள்கிறது. எத்தனை பில் முடிந்தது என்று அதற்குத் தெரியவே தெரியாது. ஒரு நிமிடத்துக்குள் 99-க்கு வந்துவிட்டது. வேலையோ அப்போதுதான் தொடங்கியிருந்தது.

எழுதியவரைக் கேட்டால் வழக்கமான பதில்: "ஏதாவது ஓடிக்கிட்டிருந்தா கஸ்டமருக்குத் திருப்தி." இந்த நினைப்புதான் எல்லாவற்றுக்கும் மூலம். பாரைப் பார்ப்பவர் அதை வைத்து முடிவெடுக்கிறார். டீ குடிக்கப் போகலாமா, கடையைப் பூட்டலாமா, கரண்ட் போவதற்குள் முடியுமா, இது உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா. 1985-லேயே கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் பிராட் மயர்ஸ் செய்த ஆய்வில், சதவீதம் காட்டும் பார் இருப்பதையே மக்கள் விரும்பினார்கள். அந்த நம்பிக்கையைத்தான் டைமர் கெடுக்கிறது.

டைமர் பாரை நியாயப்படுத்த, ஆராய்ச்சியாளர் கிறிஸ் ஹாரிசன் குழுவின் 2007 ஆய்வைச் சிலர் துணைக்கு இழுப்பார்கள். கடைசியில் வேகமெடுக்கும் பார், அதே நேரமே எடுத்தாலும், சீக்கிரம் முடிந்ததாகத் தோன்றும் என்பது உண்மை. அதே ஆய்வு, முடிவுக்குப் பக்கத்தில் தயங்கி நிற்கும் பார் மக்களுக்கு ரொம்ப நேரமானதாகத் தோன்றியது என்றும் சொல்கிறது. 99-ல் நிற்கும் டைமர் பார் செய்வது அதைத்தானே?

மொத்தம் எவ்வளவு என்று தெரியாவிட்டால் சதவீதம் காட்டாதீர்கள். அதற்குத்தான் மார்க்கீ, அதாவது சதவீதம் காட்டாமல் சும்மா ஓடிக்கொண்டே இருக்கும் பார், இருக்கிறது. வின்ஃபார்ம்ஸில் (விண்டோஸ் திரைகளை எழுத மைக்ரோசாஃப்ட் தரும் கருவித்தொகுப்பு) பாரின் ஸ்டைலை மார்க்கீ ஆக்கினால் போதும். அதுபோன்ற இன்னொரு தொகுப்பான க்யூடியில் மினிமம், மேக்ஸிமம் இரண்டையும் 0 ஆக்குங்கள். பக்கத்திலேயே "4,120 பில்கள் முடிந்தன" என்று ஒரு லேபிள் வையுங்கள். எண் ஏறிக்கொண்டிருக்கும்வரை யாரும் ஸ்விட்சில் கை வைப்பதில்லை. பெரும்பாலும் மொத்தமும் தெரிந்துகொள்ளக் கூடியதுதான். பில்களை ஒவ்வொன்றாக முடிக்கும் லூப்புக்கு முன், மொத்தம் எத்தனை என்று டேட்டாபேஸைக் கேட்கும் ஒரு கவுன்ட் குவெரி ஓட்ட என்ன சோம்பல்?

மெயின் த்ரெட்டில், அதாவது திரையையும் பட்டனையும் கவனிக்கும் அதே ஓட்டத்தில், லூப்பை ஓட்டினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'நாட் ரெஸ்பாண்டிங்' வந்து நிற்கும். உடனே டூஈவென்ட்ஸ் (நடுநடுவே திரையையும் கிளிக்கையும் கவனிக்கச் சொல்லும் கட்டளை) போட்டு ஒப்பேற்றாதீர்கள். திரை அசையும், கூடவே பட்டனும் உயிர் பெறும். பொறுமையிழந்தவர் அதையே மறுபடி அழுத்துவார். ஆண்டு முடிப்பு ஒன்றின் மேல் ஒன்றாக ஓடும். வேலையைப் பின்னணி த்ரெட்டுக்குக் கொடுங்கள், பட்டனை முடக்குங்கள், பாருக்குத் தகவல் மட்டும் அனுப்புங்கள். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் அனுப்ப வேண்டாம், பாரைப் புதுப்பிப்பதிலேயே நேரம் போய்விடும்.

கோப்பின் அளவை பைட்டிலேயே பாரின் மேக்ஸிமமாகக் கொடுப்பதும் அடிக்கடி பார்க்கிறேன். 2,147,483,647-ஐத் தாண்டினால், அதாவது 2 ஜிபி கோப்பு வந்தால், இன்ட் (முழு எண்ணை வைக்கும் 32-பிட் இடம்) நிரம்பி வழியும். ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று மாற்றிக் கொடுங்கள். வேலை ஐந்து கட்டமாக இருந்தால் பாரை ஐந்து முறை பூஜ்யத்திலிருந்து ஓட்டாதீர்கள். ரத்து செய்ய முடியாத வேலைக்கு ரத்து பட்டன் எதற்கு? "இதை நடுவில் நிறுத்த வேண்டாம்" என்று தெளிவாக எழுதிவிடுங்கள். அப்படியும் கரண்ட் போகும், அதனால் டிரான்ஸாக்ஷன் (முழுதும் முடிந்தால் மட்டும் பதிவாகி, அறுந்தால் பழைய நிலைக்கே திரும்பும் டேட்டாபேஸ் ஏற்பாடு) இல்லாமல் இந்த மாதிரி வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

பார்வையற்றவர்களும் நம் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறார்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரில் பார் ஏற ஏற பீப் ஒலியின் சுருதியும் ஏறும். அவர்களுக்கு அந்த ஒலிதான் பார். தயவுசெய்து அதிலும் பொய் கலக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. பத்து பில் இருக்கும் சாம்பிள் டேட்டாவில் சோதித்துவிட்டு அனுப்பாதீர்கள். கடைக்காரரிடம் கேட்டு, அவருடைய மூன்று வருட டேட்டாவின் நகலை வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் ஓட்டி, பக்கத்தில் உட்கார்ந்து முடியும்வரை பாருங்கள்.