தரை தொட்டதும் கேட்கும் அந்த இரைச்சல்

விமானம் இறங்கி, சில்லு நிலத்தில் பட்டதும் எஞ்சின் பெரிதாக இரையும். "அந்தச் சத்தம்தானே தம்பி பிளேனை நிப்பாட்டுறது?" என்று யாழ்ப்பாணத்தில் பலர் கேட்கிறார்கள். சிறிய ஜெட் பயணிகள் விமானம் ஓட்டுகிறவன் நான். பெரும்பாலும் நிறுத்துவது சில்லுகளின் பிறேக்தான்.

ஆனால் பிறேக் பிடிக்க விமானத்தின் பாரம் சில்லுகளில் இறங்க வேண்டும். மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடும்போது இறக்கை இன்னும் விமானத்தைத் தூக்கிக்கொண்டே இருக்கும். அதைக் கெடுக்கத்தான் இறக்கையின் மேல் ஸ்பொய்லர் என்ற பலகைகள் சடாரென எழும்புகின்றன. யன்னலோரம் இருந்தால் பாருங்கள். பல விமானங்களில் இவை தாமாக எழும்ப, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் லீவர்கள் எல்லாமே முழுதாகப் பின்னுக்கு வந்திருக்க வேண்டும். 2007 யூலையில் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் ஓர் ஏர்பஸ் ஏ320இல் ஒரு லீவர் முன்னேயே நின்றுவிட்டது. ஸ்பொய்லர் எழும்பவில்லை. ஈர ஓடுபாதையைத் தாண்டிப்போய்க் கட்டடத்தில் மோதி, 199 பேர் இறந்தார்கள். லீவர் பின்னுக்கு வந்ததைக் கையால் உறுதிசெய்வதிலும், ஸ்பொய்லர் எழும்பியதா என்று மற்ற விமானி வாய்விட்டுச் சொல்வதிலும் நான் விடாப்பிடியாக இருப்பது இதனால்தான்.

எஞ்சின் காற்றை முன்பக்கம் திருப்பும் ரிவேர்ஸ்தான் அந்த இரைச்சல். அது மேலதிக உதவி. உலர்ந்த ஓடுபாதைக்குச் சான்றளிக்கும் தரையிறங்கு தூரத்தில் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பிஏஇ 146 என்ற நான்கு எஞ்சின் ஜெட்டில் ரிவேர்ஸே கிடையாது. அதன் வால் நுனி இரண்டாக விரிந்து காற்றைத் தடுக்கும். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு வரும் ஏடிஆர், புரொப்பெல்லர் விமானம். அதில் தகடுகளின் கோணத்தை மாற்றியே வேகத்தைக் குறைப்பார்கள்.

கார்த்திகை மழையில் பலாலியில் 'டொம்' என்று இறங்கினால் விமானியை ஏசாதீர்கள். ஓடுபாதையில் தண்ணீர் நின்றால் ரயர் அதன்மேல் வழுக்கும். தண்ணீரை விலக்கி நிலத்தைப் பிடிக்கத்தான் அழுத்தமாக இறக்குகிறோம். மெதுவாகத் தொடப் பார்த்து மிதந்துகொண்டே போனால் நிற்பதற்கான தூரம் குறைந்துவிடும்.

அப்படித் தூரம் போதாது என்று கண்டால் மேலே ஏறிவிட வேண்டும், அதுவும் ரிவேர்ஸைத் தொடுமுன். 2010இல் மங்களூரில் பாதையின் பாதிக்கும் அப்பால் தொட்டு, ரிவேர்ஸும் போட்ட பிறகு எழும்ப முயன்றார்கள். 158 பேர் இறந்தார்கள். ஆகவே இறங்க வந்த விமானம் மறுபடி ஏறினால் பதறவேண்டாம். இறங்கிய பிறகும் முழுதாக நிற்கும்வரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள், மேலே இருக்கும் பையை எடுக்க எழும்பாதீர்கள். ஓடுபாதையை விட்டுத் திரும்பிய பிறகும் சடுதியாகப் பிறேக் போட வேண்டி வரலாம்.