அவிபை: ரிட்டார்ட் பவுச்சுக்கு ஒரு தமிழ்ச் சொல்

காசிமேட்டில் மீன் குழம்பு காய்ச்சி உறையில் அடைத்து விற்கும் மகளிர் குழுவைச் சேர்ந்த அக்கா ஒருவர், சென்ற மழைக்காலத்தில் வியாசர்பாடியில் நான் வேலை பார்க்கும், படலங்களை ஒன்றோடொன்று ஒட்டும் லேமினேஷன் பட்டறைக்கு வந்து, என் மேசைமீது இரண்டு பைகளை வைத்தார். உணவை அடைத்து ஒட்டியபின் அழுத்தக் கலத்தில் சூடாக்கும் 'ரிட்டார்ட் பவுச்' வகைப் பைகள் அவை. ஒன்று இன்னும் நிரப்பாத புதுப் பை. மற்றொன்று வஞ்சிரக் குழம்பு அடைத்து வெப்பமூட்டி வந்தது. இரண்டுக்கும் ஒரு பக்கம் உள்ளே இருப்பது தெரியும்படி கண்ணாடி போன்ற படலம். புதுப் பையில் அது தெளிந்த நீர்போல இருந்தது. வெப்பத்துக்குப் போய் வந்த பையிலோ பழைய செய்தித்தாளின் ஓரம்போலப் பழுப்பேறியிருந்தது. "கொழம்பு அப்படியே இருக்கு தம்பி, வாசனைகூட மாறல. பையைப் பாத்துட்டு கடைக்காரங்க போன வருசத்துச் சரக்கான்னு கேக்குறாங்க" என்றார். எழுந்து போகும்போது இன்னொன்றும் கேட்டார்: "ரிட்டார்ட், ரிட்டார்ட்டுன்னு சொல்றாங்களே, அதத் தமிழ்ல லேபிள்ல என்னன்னு போடுறது?"

பை ஏன் பழுப்பேறியது என்ற முதல் கேள்விக்கு விடை தேட எனக்கு மூன்று நாள் ஆயிற்று. இரண்டாவதை அதற்குப் பிறகும் விடாமல் யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன், ஏனெனில் அந்தப் பைக்குள் நடப்பது என்ன என்று தெரிந்தால்தான் அதற்குப் பெயர் வைக்க முடியும்.

ரிட்டார்ட் என்பது லத்தீனிலிருந்து வந்த சொல். அம்மொழியில் 'ரெ' என்றால் பின்னோக்கி, 'டோர்குவேரெ' என்றால் முறுக்குதல். பின்னோக்கி வளைந்தது என்ற பொருளில், கழுத்து கீழ்நோக்கி வளைந்த கண்ணாடிக் குடுவையை இடைக்கால ரசவாதிகள் 'ரெடோர்டா' என்றார்கள். வெடுக்கென்று திருப்பிச் சொல்லும் பதிலையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் குறிப்பதால், அகராதியின் முதல் பொருளை மட்டும் எடுத்துக்கொள்பவர் 'பதிலடிப் பை' என்று எழுதிவிட இடமுண்டு. நமக்கு வேண்டியது குடுவையின் பொருள். வடிப்பதற்குப் பயன்பட்ட அந்தக் குடுவையின் பெயர், பிற்காலத்தில் நிலக்கரியை மூடிவைத்துச் சூடாக்கி எரிவாயு எடுக்கும் இரும்புக் கலங்களுக்கும், பின்னர் தகரக் குப்பிகளில் அடைத்த உணவை நீராவியால் சூடாக்கும் அழுத்தக் கலங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. வளைந்த கழுத்து எப்போதோ போய்விட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தக் குடுவைக்குத் தமிழில் பெயர் உண்டு. சித்த மருத்துவர்கள் அதை வாலை என்பார்கள். வாலையில் வடித்தல் என்பது இன்றும் அவர்களிடையே வழங்கும் தொடர். ஆகவே வேதியியல் ஆய்வகத்து ரிட்டார்ட்டுக்கு வாலை என்பதே சரியான சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 'வாலைப்பை' என்று இந்தப் பைக்குப் பெயரிடுவதை நான் ஏற்கமாட்டேன். இந்தப் பையில் எதுவும் வடிக்கப்படுவதில்லை. ஒரு சொட்டுக்கூட வெளியே வரக்கூடாது என்பதுதான் அதன் முதல் இலக்கணம். ஆங்கிலம் தன் பழைய குடுவையின் பெயரைச் சுமந்துகொண்டு வருவது அந்த மொழியின் வரலாறு. அந்தச் சுமையை நாமும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை.

உணவைச் சூடாக்கும் அந்த அழுத்தக் கலத்துக்குள் நடப்பது இதுதான். உணவைப் பைக்குள் இட்டு, காற்றை வெளியேற்றி, வாயை ஒட்டிய பிறகே அது சூடாக்கப்படுகிறது. நீர் சாதாரணமாக 100 பாகையில் கொதித்துவிடும்; ஆனால் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் (ஸ்போர்கள்) அந்தச் சூட்டையும் தாங்கிப் பிழைக்கும், காற்றில்லாத பைக்குள் பின்னர் முளைத்து உயிர்கொல்லும் நஞ்சை உண்டாக்கும். பி.எச். 4.6க்கு மேற்பட்ட, அதாவது புளிப்புக் குறைந்த உணவு எதுவானாலும் இந்த ஆபத்து உண்டு. அதனால் அழுத்தத்தைக் கூட்டி 121 பாகை செல்சியசுக்கு ஏற்றி, பையின் நடுவில் மிகத் தாமதமாகச் சூடேறும் இடமும் அந்த வெப்பத்தில் 3 நிமிடத்துக்குக் குறையாமல் நிற்பதற்கு ஈடான வெப்பத்தைப் பெறும்படி பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக் குக்கரும் ஏறக்குறைய இதே சூட்டைத்தான் தருகிறது. ஆனால் குக்கரில் வெந்ததை மூடி திறந்து கிண்ணத்தில் ஊற்றுகிறோம். வெளிக்காற்றும் கரண்டியும் கையும் பட்டுவிடுகின்றன. பையில் அடைத்தது யாரும் தொடாமல் மூடியபடியே இருக்கிறது. மாதக்கணக்கில் அது கெடாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

பிரான்சில் நிக்கோலா அப்பேர் கண்ணாடிப் புட்டிகளில் உணவை அடைத்துக் கொதிக்கவைத்துக் காக்கும் முறையை 1810இல் வெளியிட்டார். அமெரிக்காவில் ஷ்ரைவர் என்பவர் 1874இல் அழுத்தக் கலத்துக்குக் காப்புரிமை பெற்றார். தகரத்தின் இடத்தில் வளையும் பையைக் கொண்டுவந்தது அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வகம், இரு தனியார் நிறுவனங்களோடு சேர்ந்து. அந்தப் பணிக்கு 1978இல் உணவுத் தொழில்நுட்பர்களின் விருது கிடைத்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1968இல், ஜப்பானில் ஒட்சுகா நிறுவனம் பையில் அடைத்த 'போன் கறி' என்ற குழம்பு கடைக்கு வந்துவிட்டது. அதன் முதல் பை ஒளி ஊடுருவும் இரட்டைப் படலத்தால் ஆனது. உணவு சில மாதங்களே தாங்கியது. மறு ஆண்டு அலுமினியத் தாளைச் சேர்த்த பிறகுதான் இரண்டு ஆண்டு தாங்கியது. நம் நாட்டில் மைசூரில் உள்ள பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சி ஆய்வகம் ராணுவத்துக்காகவும், கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீன் குழம்புக்காகவும் இந்த முறையை வளர்த்தெடுத்தன. காசிமேட்டு அக்காவின் தொழில் கடைசியாகச் சொன்ன வேலையின் தொடர்ச்சி.

இனி சொல்லுக்கு வருகிறேன். செங்குன்றத்து அரிசி ஆலைப் பக்கம் விடியற்காலையில் போனால் நெல் அவிக்கும் மணம் தெருவரைக்கும் வரும். இட்டிலியை அவிக்கிறோம், முட்டையை அவிக்கிறோம், கிழங்கை அவிக்கிறோம். நீராவியாலோ கொதிநீராலோ வேகவைப்பது அவித்தல். அதே வினைக்கு இன்னொரு பொருளும் உண்டு. விளக்கை அவித்தான் என்றால் அணைத்தான். திருக்குறள் 'பொறிவாயில் ஐந்தவித்தான்' என்னும்போது ஐம்புல ஆசைகளை அடக்கி அழித்தவன் என்று பொருள். வேகவைத்தல் ஒன்று, இல்லாமலாக்குதல் மற்றொன்று. அந்த அழுத்தக் கலத்தில் நடக்கும் இரண்டு வேலைகளும் இவைதான்: உணவு வேகிறது, நுண்ணுயிர் அழிகிறது. ஒரே வினைச்சொல்லில் இரண்டும் அடங்கிக் கிடப்பதை முதலில் கவனித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது; வேறெந்தச் சொல்லும் இனி வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஆகவே கலத்தை அவிகலன் என்றும், பையை அவிபை என்றும் சொல்லலாம் என்பது என் கருத்து. உண்ணும் கலம் உண்கலம் ஆவதுபோல அவிக்கும் கலன் அவிகலன். ஊறுகாய், சுடுசோறு, குடிநீர் போல இவையும் வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் 'அவிப்பை' என்று எழுதுவது பிழை. 'அவியற்பை' என்றால் தேங்காயும் தயிரும் சேர்ந்த அவியலை அடைத்த பை என்று நினைத்துக்கொள்வார்கள். பை என்பதைப் பற்றித் தயங்க வேண்டியதே இல்லை. படமெடுத்த பாம்பின் விரிந்த கழுத்தைக்கூடப் பை என்று சொன்ன பழமை அதற்கு உண்டு. சிப்பம் என்ற நல்ல சொல்லும் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அரிசி மண்டியில் 25 கிலோ மூட்டையைச் சிப்பம் என்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் குழம்புப் பைக்கு அது பொருந்தாது.

பையின் உடலமைப்பு வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை. வழக்கமான அவிபை ஒன்றை ஓரத்தில் வெட்டிப் பார்த்தால் நான்கு படலங்கள் ஒட்டியிருக்கும். வெளியே 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பாலியெஸ்டர். அதன் உட்புறத்தில்தான் அச்சு. அடுத்து ஒளியையும் காற்றையும் மறிக்கும் 9 மைக்ரான் அளவிலான அலுமினியத் தாள். பிறகு குத்தினாலும் கிழியாத 15 மைக்ரான் நைலான். உள்ளே உணவைத் தொடுவதும் வாயை ஒட்டவைப்பதும் 70 மைக்ரான் பாலிப்ரொப்பிலீன். சிப்ஸ் பாக்கெட்டிலும் பால் பையிலும் ஒட்டும் படலமாக இருக்கும் சாதாரண பாலிஎத்திலீன் 110 பாகைக்கே உருகிவிடும். 121 பாகையில் அது பையாக இராது. பாலிப்ரொப்பிலீன் உருக 160 பாகை வேண்டும். உள்ளிருப்பது தெரிய வேண்டுமென்றால் அலுமினியத் தாளை விட்டுவிட்டு, அலுமினிய ஆக்சைடோ சிலிக்கன் ஆக்சைடோ மெல்லியதாகப் பூசிய பாலியெஸ்டரைப் பயன்படுத்துகிறார்கள். அக்காவின் பையின் ஒரு பக்கம் அப்படிப்பட்டது.

வெப்பத்துக்குப் போய் வந்த பையின் நிறம் கெடுவதை எல்லோரும் 'டிஸ்கலரேஷன்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்; தமிழில் 'நிறமாற்றம்' என்று அதையே பெயர்த்துப்போடுகிறார்கள். இதில்தான் எனக்கு மனத்தாங்கல். நம் பேச்சிலேயே ஒவ்வொரு கேட்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. வெள்ளை வேட்டி பழுப்பேறுவதுபோலப் படலம் பழுப்பேறினால் பெரும்பாலும் பசையைச் சந்தேகிக்க வேண்டும். படலங்களை ஒட்டும் பாலியுரேத்தேன் பசை, பாலியால், ஐசோசயனேட் என்ற இரு வேதிப்பொருள்கள் சேர்ந்து உருவாவது. பாலியால் நம் மணலியிலேயே தயாராகிறது. ஐசோசயனேட்டில், ஆறு கரியணுக்கள் வளையமாக அமைந்த பென்சீன் வளையம் உள்ளது அரோமேட்டிக் வகை. விலை குறைவு, ஆனால் சூட்டிலும் ஒளியிலும் மஞ்சளாகிப் பழுக்கும். வளையம் இல்லாத அலிஃபாட்டிக் வகை தெளிவாகவே இருக்கும். தவிர, அரோமேட்டிக் வகையில் வினைபுரியாமல் எஞ்சியது நீரோடு சேர்ந்து தீங்கான அமீன்களாக மாறி உணவுக்குள் கசியக்கூடும் என்பதால், பழுப்பை வெறும் அழகுக் குறை என்று ஒதுக்கிவிடக் கூடாது. நைலானை வெளிப்புறம் வைத்தாலும் சூடான காற்றும் நீராவியும் பட்டுப் பழுப்பேறும். பாலியெஸ்டரை வெளியே வைத்து நைலானை உள்ளே தள்ளுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழுப்பேறுதல் வேறு, பூத்தல் வேறு. திருவொற்றியூர்க் கடலோர வீட்டுச் சுவர் உப்புப் பூப்பதுபோல, படலம் வெண்மையாக மங்கினால் அது பூத்தல். எத்திலீன் வைனைல் ஆல்கஹால் என்ற தடுப்புப் படலம் உள்ள பைகளில் இது நேரும். சூட்டில் நீரை உறிஞ்சி அந்தப் படலம் பால்போல வெளுக்கும், காற்றை மறிக்கும் திறனும் அதற்குச் சில காலம் குறையும். பையின் மேற்பரப்பில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் இருந்து, ஈரத்துணியில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்தால் போய்விட்டால், பை குற்றமற்றது: குளிர்விக்கும் நீரின் கடினத்தன்மை விட்டுச்சென்ற உப்புக்கறை அது. ஆழ்குழாய் நீரை நம்பியிருக்கும் நம் பகுதியில் அதற்கு நீரை மென்மையாக்குவது ஒன்றே வழி. அச்சின் ஓரம் கலங்கிப் பரவினால் சாயம் ஊறியது என்கிறோம். அது மையின் பிணைப்புப் பொருள் சூடு தாங்காததால் வருவது. உள்படலத்தில் மஞ்சள் ஏறுவது தனிக் கதை. மஞ்சள்தூளின் நிறப்பொருள் எண்ணெயில் கரைந்து பாலிப்ரொப்பிலீனுக்குள் ஊடுருவும், குழம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவியவர்கள் எல்லோரும் அதை அறிவார்கள்.

அக்காவின் பையில் முதலில் மஞ்சளைத்தான் சந்தேகித்தேன். புதுப் பைகள் இரண்டை எடுத்து, ஒன்றில் குழம்பும் மற்றொன்றில் குழாய்த் தண்ணீரும் ஊற்றி, காற்றை நெருக்கி வெளியேற்றி ஒட்டி, குக்கர் நீரில் மூழ்கவைத்து அரை மணி நேரம் வைத்தேன். அழுத்தம் தானாக இறங்கும்வரை மூடியைத் தொடவில்லை, அவசரப்பட்டிருந்தால் பை வெடித்திருக்கும். நிறத்தைப் பார்ப்பதற்கு மட்டுமே இந்தச் சோதனை. உண்ணும் உணவை இப்படி வீட்டில் அடைத்து வைப்பது உயிருக்கு ஆபத்து. ஆறியபின் எடுத்து வெள்ளைத்தாள்மேல் வைத்தேன். தண்ணீர்ப் பையும் பழுத்திருந்தது. குழம்பே படாத ஒட்டு ஓரம்வரை ஒரே சீரான பழுப்பு. பசைதான் குற்றவாளி என்று தெரிந்துவிட்டது. பையை விற்ற நிறுவனம், நொறுக்குத்தீனி உறைக்குப் பயன்படுத்தும் பசையையே இதற்கும் பூசியிருந்ததைப் பிறகு ஒப்புக்கொண்டது.

அடுத்த தடவை நாங்களே அலிஃபாட்டிக் பசை போட்டு, வெதுவெதுப்பான அறையில் முழுதாய் இறுகவிட்டுக் கொடுத்தோம். வெப்பத்துக்குப் போய்வந்தும் படலம் தெளிவாகவே இருந்தது. புதிய லேபிளின் அச்சுப்படியை அக்காவுக்குக் காட்டினேன். மீன் குழம்பு என்ற பெரிய எழுத்துக்குக் கீழே 'அவிகலனில் அவித்தது, திறக்கும்வரை குளிர்பெட்டி தேவையில்லை' என்று இருந்தது. அவர் உதட்டை அசைத்து இருமுறை படித்துவிட்டு, "அவிச்சதுன்னா எங்க தெருவுல எல்லாருக்கும் புரியும். ஆனா ஆர்டர் குடுக்குறவங்களுக்கு ரிட்டார்ட்டுன்னு கீழே சின்னதாப் போட்டுடு தம்பி" என்றார். அப்படியே போட்டோம், அவிபை மேலே, ரிட்டார்ட் பவுச் கீழே.