ஸ்போக்கன் இங்கிலீஷ் பழக ஏஐ துணை: பேச வைக்க வேண்டுமானால் முதலில் காத்திருக்க வேண்டும்

"வாட் டிட் யூ டு எஸ்டர்டே?" என்று செயலி கேட்கிறது. பழகுபவர் "எஸ்டர்டே ஐ..." என்று தொடங்குகிறார். அடுத்து வரவேண்டிய 'வென்ட்' வாய்க்கு வருவதற்குள் செயலி முந்திக்கொள்கிறது: "ஓ, நைஸ்! டெல் மீ மோர்!" நாலு தடவை இப்படி ஆனால் யாராக இருந்தாலும் செயலியை மூடிவிடுவார்கள். குறை, பதிலை எழுதித் தரும் ஏஐயான மொழி மாதிரியின் அறிவில் இல்லை. சரளமாகப் பேசுகிறவர்களுக்காகச் செய்த பாகங்களை அப்படியே எடுத்து, பேசத் திணறுகிறவர் முன்னால் வைத்ததில் இருக்கிறது.

பாகங்கள் நான்கு. மைக்கில் வரும் ஒலியில் பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கவனிப்பது முதலாவது. பேச்சை எழுத்தாக்குவது இரண்டாவது. அந்த எழுத்தைப் படித்துப் பதில் எழுதும் மொழி மாதிரி மூன்றாவது. பதிலைக் குரலாக்குவது கடைசி. ஒலியை நேரடியாக வாங்கி ஒலியாகவே பதில் தரும் மாதிரிகளும் வந்துவிட்டன. ஆனால் பழகுபவர் எங்கே தடுமாறினார் என்று நடுவில் புகுந்து பார்க்க, பாகங்கள் தனித்தனியாக இருப்பதே வசதி.

பெரும்பாலான கோளாறு முதல் பாகத்திலேயே தொடங்குகிறது. நெதர்லாந்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவன ஆய்வாளர்கள் 10 மொழிகளின் உரையாடல்களை அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். ஒருவர் கேள்வியை முடித்ததும் மற்றவர் பதிலைத் தொடங்க எடுத்துக்கொண்ட இடைவெளி சராசரியாக 200 மில்லிநொடியை ஒட்டியே இருந்தது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைத் தாய்மொழியில் சொல்லவே சுமார் 600 மில்லிநொடி ஆகும். ஆக, எதிராளி பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். புதிதாக ஆங்கிலம் பேசுபவரால் அது முடியாது. கேள்வியைப் புரிந்துகொள்வதற்கே அவருடைய கவனம் முழுதும் போய்விடுகிறது.

போதாததற்குத் தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டி வந்து நிற்கிறது. 'நான் நேற்று மாமா வீட்டுக்கு' என்று வசதியாகச் சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில் 'போனேன்' என்று முடிக்கலாம். ஆங்கிலத்தில் 'ஐ' சொன்ன மறுகணமே வினையை, அதுவும் காலத்தோடு, எடுத்தாக வேண்டும். அதனால்தான் சரளமாகப் பேசுபவர் வாக்கியங்களுக்கு இடையில் மூச்சு விட, பழகுபவர் வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுகிறார்.

பேச்சு முடிந்ததா என்று பார்க்கும் மென்பொருள் ஒலியை 30 மில்லிநொடி அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் மனிதக் குரல் இருக்கிறதா என்று பார்க்கும். கிட்டத்தட்ட அரை நொடி தொடர்ந்து குரல் இல்லையென்றால் முடிந்தது என்று முடிவு கட்டிவிடும். பழகுபவரோ ஒரு சொல்லைத் தேடி இரண்டு நொடி நிற்பார். எல்லா இடத்திலும் மூன்று நொடி காத்திருக்கச் சொன்னால் தீருமா? 'யெஸ்' என்ற ஒற்றைப் பதிலுக்கும் மூன்று நொடி மௌனம் விழும், இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவர் "ஹலோ? ஹலோ?" என்பார்.

வழி, காத்திருக்கும் நேரத்தை வாக்கியத்தைப் பார்த்து மாற்றுவது. அதுவரை கேட்டதை உடனுக்குடன் எழுத்தாக்கி, கடைசிச் சொற்களைச் சோதிக்க வேண்டும். 'தி', 'பிகாஸ்', 'ஐ வான்ட் டு' என்று தொங்கி நின்றாலோ, கடைசியாகக் கேட்டது 'ம்ம்ம்' என்ற இழுவையாக இருந்தாலோ நான்கு நொடி பொறுக்கலாம். வாக்கியம் நிறைவாக இருந்தால் ஒன்றேகால் நொடி. ஆம், இல்லை வகைக் கேள்விக்கு முக்கால் நொடி போதும். இவை தொடக்க அளவுகள்தான். ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். தொலைக்காட்சி ஓடும் வீட்டில் இவற்றில் எதுவும் வேலை செய்யாது. அங்கே அமுக்கிப் பிடித்தபடி பேசி, முடித்ததும் விடும் பொத்தானுக்கு ஈடில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. செயலி பேசும்போது கேட்பவர் 'ஓகே', 'ம்' என்று தலையாட்டலுக்குச் சொல்வார். குறுக்கிட்டதும் நிறுத்தும்படி அமைத்த செயலி அதற்கே வாயடைத்துவிடும். இரண்டு சொல்லாவது பேசினால்தான் நிறுத்து என்று வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நான்கு நொடி கடந்தும் பதில் இல்லையா? கேள்வியை அப்படியே திரும்பக் கேட்பது வீண். கேள்வியைச் சுருக்க வேண்டும். 'வாட் டிட் யூ டு எஸ்டர்டே?' என்பதற்குப் பதில் வராவிட்டால், 'டிட் யூ ஸ்டே அட் ஹோம் ஆர் கோ அவுட்?' என்று இரண்டில் ஒன்றைப் பொறுக்கச் சொல்லலாம். அதற்கும் வராவிட்டால் 'எஸ்டர்டே ஐ வென்ட் டு...' என்று பாதி வாக்கியத்தைக் கொடுத்து நிறுத்தலாம். அதற்கும் மௌனம் என்றால் தமிழில் பொருள் சொல்லிவிடுவதில் தவறே இல்லை. முழுக்க ஆங்கிலத்தில்தான் என்ற பிடிவாதம் ஆரம்பநிலையில் பயத்தை வளர்க்குமே தவிர ஆங்கிலத்தை வளர்க்காது.

இரண்டாம் பாகத்தின் சிக்கல் வேடிக்கையானது: அது அளவுக்கு மீறி நல்லது செய்கிறது. பேச்சை எழுத்தாக்கும் மாதிரிகள் அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்தே எழுதுகின்றன. 2022-இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் 6,80,000 மணி நேர ஒலியில் பயின்றது. அதில் 'ஹி கோ டு ஆபீஸ்' என்று சொன்னாலும் 'ஹி கோஸ்' என்று திருத்தி எழுதிவிட வாய்ப்பு அதிகம். 'அம்' போன்ற தயக்க ஒலிகளையும் பெரும்பாலும் விழுங்கிவிடும். வசனப் பட்டி எழுதுவதற்கு இது நல்ல குணம். இங்கேயோ பிழையே மறைந்துபோகிறது. மொழி மாதிரி 'வெரி குட்' என்று பாராட்டிவிட்டுப் போய்விடும். நீண்ட மௌனத்தை அனுப்பினால், யாரும் சொல்லாத 'தேங்க்ஸ் ஃபார் வாட்சிங்' போன்ற வாக்கியங்களையும் அது தானாக எழுதிவைக்கும். எனவே மௌனத்தை வெட்டிவிட்டே அனுப்ப வேண்டும். பிழை பார்ப்பதற்கு, ஊகம் குறைவாகவும் காதில் விழுந்ததை அப்படியேயும் எழுதும் இரண்டாவது மாதிரி ஒன்றைப் பக்கத்தில் ஓட்டி, இரண்டும் வேறுபடும் இடங்களை மட்டும் சோதிக்கலாம்.

உச்சரிப்பும் சேர்ந்துகொள்ளும். தமிழ்நாட்டில் 'எக்' என்பது 'யெக்' ஆகும், 'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆகும், 'பஸ்' 'பஸ்ஸு' ஆகும். உச்சரிப்பு ஆய்வில் பலரும் எடுத்தாளும் எல்2-ஆர்க்டிக் என்ற ஆங்கிலப் பேச்சு ஒலிப்பதிவுத் தொகுப்பில் இந்தி பேசுவோர் உண்டு, தமிழர் இல்லை. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு உருவாக்கிய ஸ்வரா தொகுப்பு இந்தியாவெங்கும் 117 பேர் பேசிய ஆங்கிலத்தை 9.6 மணி நேரம் தருகிறது. இத்தகைய உச்சரிப்பில் மாதிரியைச் சோதிக்க உதவும்; பயிற்றுவிக்கப் போதாது.

மொழி மாதிரியிடம் 'எளிமையாகப் பேசு' என்றால் முதல் சில பதில்கள் எளிமையாக வரும். பிறகு வாக்கியம் நீளும், கடினச் சொல் புகும், ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்கும். கட்டளையை மட்டும் நம்பாமல், குரலாகும் முன் ஒவ்வொரு பதிலையும் சல்லடையில் போட வேண்டும்: இரண்டு வாக்கியத்துக்கு மேல் கூடாது, கேள்வி ஒன்றுதான், வாக்கியத்துக்கு 12 சொல்லுக்குள். அதிகம் புழங்கும் 1,500 சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, 20 சொல்லில் ஒன்றுக்கு மேல் வெளியே போனால் திருப்பி எழுத வைக்க வேண்டும். வாசித்துப் புரிந்துகொள்ள 95 முதல் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது மொழி கற்பித்தல் ஆய்வு. காதால் கேட்பவருக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கவும் வழியில்லை. வேகத்தைக் குறைப்பதிலும் ஒரு நுட்பம்: ஒலியையே இழுத்தால் சொல் சிதையும். சொல்லை இயல்பாக விட்டு, சொற்றொடர்களுக்கு இடையில் இடைவெளி கூட்டுவது மேல்.

திருத்துவதில்தான் வடிவமைப்பாளர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 1997-இல் ராய் லிஸ்டர், லெய்லா ராந்தா இருவரும் கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்தார்கள். ஆசிரியர்கள் கொடுத்த திருத்தங்களில் 55 சதவீதம், மாணவர் தவறாகச் சொன்னதைச் சரியாகத் திருப்பிச் சொல்லும் வகை. அதற்கு மாணவர்கள் எந்த வகையிலாவது எதிர்வினை காட்டியது 31 சதவீத இடங்களில்தான். மற்ற இடங்களில் ஆசிரியர் ஆமோதிக்கிறார் என்றே கடந்துபோயிருக்கலாம். செயலிகள் பெரிதும் நம்புவது இதே முறையைத்தான். 'ஐ கோ எஸ்டர்டே' என்றால் 'ஓ, யூ வென்ட் எஸ்டர்டே!' என்கின்றன, பழகுபவர் 'யெஸ், ஐ கோ' என்கிறார்.

ஆகவே திருப்பிச் சொல்லும்போது திருத்திய சொல்லை அழுத்தியும், திரையில் வண்ணமிட்டும் காட்ட வேண்டும். ஒரு முறைக்கு ஒரு பிழை போதும். அதுவும் பொருளைக் கெடுப்பதோ, மூன்று முறை திரும்ப வந்ததோ மட்டும். முன்பே கற்ற விதி என்றால் விடையைக் கொடுக்காமல் 'எஸ்டர்டே ஐ...?' என்று அவர் வாயாலேயே வரவழைக்கலாம். மீதியைக் கடைசியில், அவர் சொன்ன வாக்கியங்களிலிருந்தே மூன்றைப் பொறுக்கிச் சொல்லிப்பார்க்க வைக்கலாம். தமிழில் ஆங்கிலத்தைப் போன்ற 'தி' கிடையாது என்பதால் அது விட்டுப்போய்க்கொண்டே இருக்கும். அதை ஒவ்வொரு முறையும் பிடித்தால் உரையாடலே நடக்காது. உச்சரிப்புக்கும் இதே கணக்கு: 'ஃபேன்' 'பேன்' ஆனால் பொருள் மாறும், பிடிக்கலாம், 'திங்க்' கொஞ்சம் தமிழ் 'த' போல ஒலித்தால் விட்டுவிடலாம்.

எந்திரத்துக்கு மனிதரைவிடப் பொருத்தமான பயிற்சி ஒன்று உண்டு. ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம், பிறகு மூன்று, பிறகு இரண்டு நிமிடத்தில் சொல்லும் 4/3/2 முறை 1980-களிலிருந்தே வகுப்புகளில் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய கேட்பவர் வேண்டும் என்பதுதான் அதில் சிரமம். செயலி மூன்று முறையும் முதன்முறை கேட்பதுபோல் கேட்கும். ஆரம்பநிலைக்கு இரண்டு, ஒன்றரை, ஒன்று என்று நிமிடங்களைக் குறைத்துக்கொள்ளலாம்.

பலன் தெரிய, செயலியில் செலவழித்த நிமிடங்களைப் பார்த்துப் பயனில்லை. அதில் பாதி எந்திரத்தின் பேச்சாக இருக்கும். மொத்தச் சொற்களில் பழகுபவருடையது எத்தனை பங்கு, ஒரு முறைக்குச் சராசரியாக எத்தனை சொல் தொடர்ந்து பேசுகிறார், வாக்கிய நடுவில் நிற்பது குறைகிறதா என்ற மூன்றையும் வாராவாரம் குறிக்க வேண்டும். பழகுபவரின் பங்கு பாதிக்குக் கீழே இருந்தால், முதலில் எந்திரத்தின் பதில் நீளத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.